பூஜையில் வைத்த அந்துப்பூச்சி

செல்வராணியை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். பாதி அவள் மேல், மீதி அவள் வீட்டுக்காரர் சுகுமாறன் மேல். கெலாங் பாத்தாவில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவளும் நானும் ஒரே தொழிற்சாலை, ஒரே பஸ்.

தொழிற்சாலைச் சுவர் விளக்கடியில் காலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சிகளை டப்பாவில் எடுத்து வருவாள். இறக்கையை விரித்து, ஊசி குத்திக் காயவைத்து, இனம் பிரித்துக் கண்ணாடி மூடிப் பெட்டியில் அடுக்குவாள். தெருவே சிரித்தது. சுகுமாறன்தான் அதிகம் சிரித்தார்.

போன வருஷம் பொந்தியான் சதுப்புக்காட்டில், பட்டப்பகலில் பறக்கும் ஒரு அந்துப்பூச்சி அவளிடம் சிக்கியது. எந்தப் புத்தகத்திலும் அதன் ஜாடையில் ஒன்று இல்லை. படத்தைப் பார்த்த சிங்கப்பூர் ஆய்வாளர் ஒருவர், புது இனமாக இருக்கலாம், வயிற்றுப் பகுதியைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், நேரில் கொண்டுவாருங்கள் என்றார். ஆயுத பூஜை முடிந்ததும் போவதாக இருந்தாள்.

சுகுமாறனுக்கு ஏர்கோன், ஐஸ் பெட்டி பழுதுபார்க்கும் வேலை. பூஜையன்று தன் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் அந்தப் பூச்சி இருந்த பெட்டியையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி பார்க்கட்டும் என்று மூடியையும் திறந்துவிட்டார். சுற்றிலும் பொரி, சர்க்கரைப் பொங்கல். வேலை முடிந்து என்னோடு வந்த செல்வராணி பதறிப்போனாள்.

"என்னங்க, எறும்பு வந்துரும். பெட்டிய எடுத்து உள்ள வச்சிர்றேன்."

"பூஜையில வச்சத எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம் லா. உன் பூச்சிக்கும் மரியாத குடுத்திருக்கேன், அப்புறம் என்ன?"

அந்த ஒரு சொல்லில் அவள் குளிர்ந்துபோனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ஒரு கடைக்காரர் போன் செய்தார். கடையில் ஐஸ் பெட்டி ஓடவில்லையாம். சுகுமாறன் சாமியைக் கும்பிட்டுவிட்டு, சந்தனப் பொட்டோடு ஸ்பானர்களை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"அத மட்டும் எடுக்கலாமா?" என்று நானே கேட்டேன்.

"அது தொழில் லா, அக்கா. இது பொழுதுபோக்கு."

செல்வராணி என் கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல நாளில் சண்டை எதற்கு என்றாள். நல்ல நாளாம்!

காலையில் ஊசியில் இறக்கைகள் மட்டும் நின்றன. வயிறு இருந்த இடத்தில் எறும்புகள்.

"அலமாக்," என்று சுகுமாறன் தலையைச் சொறிந்தார். "சரி விடு, ஒரு பூச்சிதானே. வேற ஒண்ணு பிடிச்சுக்கலாம்."

செல்வராணி பூச்சி வலையைக் காரில் போட்டு, "வாங்க" என்றாள். நானும் ஏறிக்கொண்டேன்.

பொந்தியானில் சதுப்புக்காடு இருந்த இடம் முழுக்கச் செம்மண் கொட்டி மட்டப்படுத்தி, வீடமைப்புத் திட்டப் பலகை நட்டிருந்தார்கள். ஒரு செடிகூட இல்லை. அது அவளுக்கு முன்பே தெரியும். அவர்தான் அவள் பூச்சியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

வலையை அவர் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க," என்றாள்.