மேட்ரன் எழுந்து நிற்கவில்லை

எங்கள் பள்ளி விடுதியில் ஹில்டா த்ராசல் என்ற பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். மேட்ரன் என்றால்தான் தெரியும். போர் முடிந்த கையோடு ஹல் துறைமுகத்திலிருந்து வந்தவர். ஐம்பது பையன்களின் காய்ச்சல், பொத்தான், போர்வை எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டு நினைப்பில் ஏங்குகிற சின்னப் பையன்கள் அவரிடம் போய் அழுதுவிட்டு வருவார்கள்.

அவருக்கும் ஒரு மகன் இருந்தான் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். டெனிஸ். பதினேழு வயதில் மீன்பிடிக் கப்பலோடு போனவன் திரும்பவில்லை. செய்தி வந்தபோது மேட்ரன் தலைவலி என்று ஒரு நாள் விடுப்பு எடுத்தார், மறுநாள் வந்து படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஓல்டாமில் ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகன், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அங்கே ஆசிரியனாக வந்த பிறகும் ஆசிரியர் அறையில் யாரும் என்னோடு ஒட்டவில்லை. மேட்ரனும் என்னைப் போல வட இங்கிலாந்துக்காரர்; அவரோடு தேநீர் குடிக்கும்போதுதான் என் ஊர்ப் பேச்சு எனக்குத் திரும்ப வரும். அப்படி ஒரு நாள் மகனைப் பற்றிச் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. பசங்க ஐயோ பாவம்னு ஒரு தடவை நினைச்சுட்டானுங்கன்னா அப்புறம் எங்கிட்ட வந்து அழ மாட்டானுங்க."

நவம்பரில் நிறுவனர் நாள் விருந்து. சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கி, கடைசி வகுப்புப் பையன்கள் பள்ளியில் வேலை பார்க்கிற எங்களைப் போல நடித்துக் காட்டுவார்கள். நடித்தது உண்மையென்றால், யாரைப் போல நடித்தார்களோ அவர் எழுந்து தலை குனிந்து வணங்க வேண்டும். பொய்யென்றால் உட்கார்ந்தே இருக்கலாம், நடித்தவன் மேல் ரொட்டி பறக்கும். நூறு வருஷ வழக்கம். யாரும் உட்கார்ந்திருந்ததாகக் கதைகூடக் கிடையாது. தலைமையாசிரியரே குனிந்திருக்கிறார். பிடித்தவர்களைத்தான் நடிப்பார்கள். அதனால் மேட்ரன் வேடத்துக்கு எப்போதும் போட்டி.

அந்த வருஷம் அது கார்லியனுக்குக் கிடைத்தது. அம்மை கண்டபோது மேட்ரன் மடியில் தலை வைத்துக் கிடந்தவன். ஏப்ரன் கட்டி, சாவிக்கொத்தைக் குலுக்கி, "டேய், யாருடா அது குளிக்காதவன்?" என்றான். கூடமே அதிர்ந்தது. மேட்ரனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு அவன் துணி அறைக்குள் போவதுபோல் நடித்தான். கதவைச் சாத்தினான். ஒரு விரிப்பை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதான். எங்கே பார்த்தான் இதை? எப்போது? விரிப்பை விலக்கி, ஒரு கிழிந்த காலுறையைத் தூக்கிக் காட்டினான்.

"ஐயோ கடவுளே, இன்னொரு ஓட்டை!"

மேசைகளைத் தட்டினார்கள். "மேட்ரன்! எழுந்திருங்க மேட்ரன்!"

எழுந்தால் போதும். அழுகை காலுறைக்குத்தான் என்று ஆகிவிடும், ரகசியம் வெளியே வராது. எழுந்துவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் ரொட்டி பறந்தது. அப்புறம் ஏழெட்டு. கார்லியன் முகத்தை மறைக்கக்கூட இல்லை.

"நான் என்ன தப்பா செஞ்சேன் மேட்ரன்? நான் பார்த்தேனே!"

"எல்லாம் சரியாத்தான் செஞ்சே கண்ணு. காலுறை மட்டும்தான் தப்பு. அது என் பையனுக்காக. கடல்ல போயிட்டான்."

ரொட்டியோடு ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. இப்படிச் சிரிக்கிற ஒரு கூட்டத்தோடு வந்து சேரத்தானா நான் அத்தனை படித்தேன் என்று அப்போது தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

மறுநாள் காலை மருந்து அறைக்குப் போனேன். வழக்கமாக, இல்லாத இருமலை இருமிக்கொண்டு வாசல்வரை பையன்கள் நிற்கிற நேரம். ஒருவன்கூட இல்லை. மேட்ரன் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க தம்பி," என்றார். "ஒரே ராத்திரியில எல்லாப் பயலுக்கும் உடம்பு தேறிடுச்சு."