மெஷின் ஓடட்டும், பாடுகிறேன்

என் குரல் இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை. அதற்காக நான் ஏங்கியதும் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் எனக்கு வேலை. பக்கத்து அறையில் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடும்போது, குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கே கத்தியாக வேண்டும். பள்ளியில் செய்யுள் ஒப்பித்தபோதே கடைசி பெஞ்சு வரை கேட்ட தொண்டை இது. கம்பெனி அதை இன்னும் தீட்டிவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பஞ்சு வண்டி ஓட்டினார். கடையின் பெயர்ப்பலகை எதிரே வந்தால், "என்ன போட்டிருக்குது கண்ணு?" என்று என்னைத்தான் கேட்பார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்.

கம்பெனியில் ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, மாலை போடுவார்கள். ஒரு வருடம் நானே ஒரு பாட்டுக் கட்டி அங்கே பாடினேன். மறு வருடம் பனியன் தொழிலைப் பற்றி ஆவணப்படம் எடுக்க மதராஸிலிருந்து டைரக்டர் ஒருவர் வந்தார். படத்துக்கு ஒரு பாட்டு வேண்டும், ஊர்க்காரர்களே எழுதிப் பாட வேண்டும் என்றார். முதலாளி என்னைக் கைகாட்டினார்.

மூன்று பேர் சேர்ந்தோம். காங்கேயம் பக்கத்து நாடகங்களுக்கெல்லாம் வாசித்த ஆர்மோனிய மாஸ்டர். எங்கள் ஊர் ராயபுரத்தில் வேஸ்ட் துணி வியாபாரம் செய்துகொண்டே டோலக் வாசித்த பாய். பாட்டு எழுதிய நான். சாயங்காலங்களில் பழக, முதலாளி கட்டிங் அறையைக் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிட்டிங்.

முதல் நாள் மாஸ்டர் சுருதிப்பெட்டியை ஊதவைத்தார். அதன் சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

"அதைத் தூக்கி ஓரமா வைங்க மாஸ்டர்," என்றார் பாய். "சொவத்துக்கு அந்தாண்ட அத்தனை சுதிப்பொட்டி ஓடுதில்லீங்க?"

மாஸ்டர் சுவரில் காதை வைத்தார். பிறகு ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். "முருகா! அஞ்சரைக் கட்டையில நிக்குதுங்க!" என்று துள்ளினார். அன்றிலிருந்து மெஷின்களின் ரீங்காரம்தான் எங்கள் சுருதி. பெட்டியை அவர் வீட்டோடு விட்டுவிட்டார்.

ஒலிப்பதிவு ஞாயிற்றுக்கிழமை. டைரக்டர் டேப் ரிக்கார்டரோடும், அதை இயக்க ஒரு ஆளோடும் வந்தார். கம்பெனிக்கு விடுமுறை. அந்த அமைதியில்தான் எங்கள் தப்பு எங்களுக்கே தெரிந்தது. மாஸ்டர் சுவரைப் பார்த்தார். சுவர் பேசவில்லை. நான் முதல் வரியை எடுத்ததும் ரிக்கார்டர்காரர் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தார். பாயின் அடி கிடா வெட்டுக்கு அடிப்பது போல் இருந்தது. இத்தனை நாளும் மெஷினோடு மல்லுக்கட்டிப் பாடியதில், எங்கள் சத்தம் எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாமல் போயிருந்தது.

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "நாலு கட்டைக்கு இறக்குங்க மாஸ்டர். மெதுவா, தாலாட்டு மாதிரி பாடும்மா," என்றார். மாஸ்டர் இறக்கினார். அந்தக் கட்டையில் என் குரல் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் பாடியும் வார்த்தை எழும்பவில்லை.

"பரவாயில்லம்மா," என்றார் டைரக்டர். "கோயமுத்தூர் மெல்லிசைக் குழுவுல ஒரு பொண்ணு இருக்கா. தேன் மாதிரி குரல். வரிகள் உன்னோடதாவே இருக்கட்டும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அந்தப் பொண்ணு எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போவுதுங்க?"

"அவ எதுக்கும்மா கம்பெனிக்குப் போகணும்?"

"பாட்டுல 'எங்க கை'ன்னு வருதுங்களே. யாரு கையின்னு கேட்டா அது என்னங்க சொல்லும்?"

"கண்ணு, பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று முதலாளி குறுக்கே வந்தார்.

"தப்பா ஒண்ணும் பேசலீங்க. மெசினைப் போடச் சொல்லுங்க, பாடறேன்."

"மெஷின் சத்தமும் பதிவாயிடும்மா," என்றார் டைரக்டர்.

"படமே மெசினைப் பத்தித்தானுங்களே?"

பாய் டோலக்கின் மேல் கவிழ்ந்து சிரித்தார். "சுதி இல்லாமப் பாடச் சொல்றது, உப்பில்லாம பிரியாணி ஆக்கச் சொல்றாப்பலீங்க," என்றார்.

மாஸ்டர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை மெல்ல மூடினார். "நாலுல எனக்கும் கை வரமாட்டேங்குதுங்க," என்றார். பச்சைப் பொய். அவருக்கு எந்தக் கட்டையும் தண்ணீர்பட்ட பாடு.

முதலாளி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் மெஷின் ஓட்டியவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய், தானே ஒரு மெஷினைப் போட்டார். ஒன்றே ஒன்றுதான் ஓடியது. மெலிந்த ரீங்காரம்தான். ஆனாலும் அஞ்சரையில் நின்றது. மாஸ்டரின் விரல்கள் தாமாக அந்த இடத்துக்குப் போயின.

நூலே நூலே எங்கே போறே?
நொய்யல் தாண்டி ஊர்கோலம் போறேன்.
கோத்து விட்டது யாரு சொல்லு?
எங்க கைதான், எங்க கைதான்!

ஒரு சொல்லையும் நான் தாழ்த்தவில்லை. டைரக்டர் டேப்பை ஓடவிட்டுக் கேட்டார். "முரட்டுத்தனமா இருக்கு," என்றார். டேப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

போன வருடம் அந்தப் படத்தை எங்கள் ஊர்த் தியேட்டரில், பெரிய படத்துக்கு முன்னால் போட்டார்கள். அம்மாவோடு போயிருந்தேன். பாட்டு வந்ததும் பின்வரிசையில் ஒரு ஆள், "இதென்றா, சண்டைக்கு வர்றாப்பல பாடறா?" என்றான். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

நான் திரும்பினேன். "நாந்தானுங்க பாடினது."

அவன் மிரண்டுபோனான். "இல்லீங்க… நல்லாத்தானுங்க இருக்குது."

"உங்களை நல்லாருக்குதான்னு யாருங்க கேட்டாங்க? இன்னும் ஒரு சரணம் இருக்குது. பேசாமக் கேளுங்க."

கேட்டான்.