பொன்னாடைகளுக்குப் பிறகு நடந்த கணினி மாநாடு

நெய்வேலியில் பகல் முழுக்க லேப்டாப்போடு வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரே பெயர்தான்: வேலை கிடைக்காதவன். நான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் பிறந்தால் சம்பளமும் வந்தது. ஆனால் ஷிப்டும் கிடையாது, ஏறிப் போக பஸ்ஸும் கிடையாது. சுரங்கத்தில் பர்மனென்டாக இருந்த அப்பா, யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

அதனால்தான், டவுன்ஷிப் அரங்கில் புரோகிராமர்கள் மாநாடு நடக்கப்போகிறது, எனக்கும் கால் மணி நேரம் உண்டு என்றதும் அவரை வற்புறுத்தி அழைத்தேன். நான் செய்வதும் வேலைதான் என்று அவர் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். என் பேச்சு பதினொன்றரைக்கு. அவருக்கு இரண்டாம் ஷிப்ட், பஸ் ஒரு மணிக்கு. தேய்த்த சட்டையோடு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்.

ஏற்பாட்டாளர்கள் தங்கமானவர்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த விழா ஒன்றே ஒன்று. குத்துவிளக்கு, பதவி வரிசைப்படி நாற்காலி, அதே வரிசைப்படி பொன்னாடை. வரிசை பிசகினால் அப்புறம் டவுன்ஷிப்பில் தலைகாட்ட முடியாது. பொன்னாடை வாங்கிய ஒவ்வொருவரும் இரண்டே வார்த்தை என்று ஆரம்பித்து, கணினியின் நன்மை தீமைகளை அலசித் தீர்த்தார். சிறப்புரைக்காகப் பெங்களூரிலிருந்து வந்த நிபுணர், டி-ஷர்ட்டின் மேல் பொன்னாடையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கைக்கு மைக் வந்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. நன்றாகத்தான் பேசினார். பேச்சின் நடுவே பாதி அரங்கம் எழுந்து வெளியே நடந்தது. சுரங்க பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்து அவர் மேடையிலிருந்தே மன்னிப்புக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு அந்தக் கூட்டத்தோடு போனார். பிறகு நான் மேடையேறி, காலி நாற்காலிகளுக்கு என் புரோகிராமை விளக்கினேன்.

மாலை வரவேற்பில் போண்டாவும் காபியும் கொடுத்தார்கள். நிபுணர் என்னைத் தேடி வந்து, என் பேச்சைப் பற்றிக் கூர்மையாகக் கேள்வி கேட்டார். கிளம்பும்போது, பையில் இடமில்லை என்று தன் பொன்னாடையை என் கையில் திணித்துவிட்டு வடலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மறுநாள் காலை அது ஹாலில் கிடந்ததை அப்பா பார்த்தார்.

"ஒனக்கா போட்டாங்க?"

இல்லை, பெங்களூர்க்காரர் வேண்டாமென்று கொடுத்துவிட்டுப் போனது என்று உள்ளதைச் சொன்னேன். அப்பா அதை உதறி, வாசலுக்குக் கொண்டுபோய், தெருவுக்குத் தெரிகிற மாதிரி கொடியில் போட்டார். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் என்ன விசேஷம் என்று விசாரிப்பது கேட்டது.

"பையனுக்கு மேடையில போட்டதுங்க. வூட்ல இருந்துகினே ட்யூட்டி பாக்குறான்."

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. வருஷக்கணக்கில் நான் விளக்கியும் அப்பா மண்டையில் ஏறாததை, இன்னொருவர் வேண்டாமென்று தள்ளிவிட்ட துணி ஏற்றிவிட்டது. நான் என்ன பேசினேன் என்று அப்பா இன்றுவரை கேட்கவில்லை. ஆனாலும், என் வேலையை அவர் ட்யூட்டி என்று சொன்னபோது கண் கலங்கிவிட்டது, என்ன செய்ய.