இரண்டு பட்டன், ஒரே பெயர்

கண் நன்றாகத் தெரிந்தும் மானிட்டரை அணைத்துவிட்டு, விசைப்பலகையில் மட்டும் விரலை ஓட்டுகிறாள் என் தங்கை. திரையில் இருக்க வேண்டியதை எல்லாம் கணினி ஒரு பெண் குரலில் வாசிக்கிறது. அந்த வேகத்தில் எனக்கு அது வெறும் வண்டுச் சத்தம். அவளுக்கு ஒரு சொல்கூடத் தவறாது. திடீரென்று முகம் சுளித்து, "இங்க வாசலே இல்லக்கா, வெறும் சுவரு" என்பாள்.

கண் தெரியாதவர்களும் கை நடுங்குகிறவர்களும் ஓர் இணையதளத்தைத் தாங்களாகவே பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது அவள் தொழில். நான் எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவள். ஆனாலும் அவள் வேலையை யார் கேட்டாலும் நூல் பிசகாமல் விளக்குவேன்.

எந்த லிஃப்டில் ஏறினாலும் எண்களைத் தடவிப் பார்ப்பாள். பார்வையில்லாதவர்கள் தடவிப் படிக்கும் புள்ளி மேடு தட்டுப்படாவிட்டால் காவலாளியிடம் சண்டை. "ஏம்மா, நானா இத மாட்டினேன்?" என்பார் அவர், பாவம்.

போன மாதம் ஒரு மருத்துவமனையின் இணையதளம் சோதனைக்கு வந்தது. டயாலிசிஸுக்கு முறை பதிய அது ஒன்றுதான் வழி. எல்லாப் பட்டனுக்கும் அந்தக் குரல் வாசிக்க ஒரு பெயர் உண்டா என்று பார்க்கும் மென்பொருள் பச்சை காட்டியது. அவசரத்தில் இவளும் காதால் கேட்காமல் சரி என்று அனுப்பிவிட்டாள். பெயர் இருந்தது. உறுதி செய்வதற்கும் 'பட்டன்', ரத்து செய்வதற்கும் 'பட்டன்'. பார்வையில்லாத பெரியவர் ஒருவர், டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், தன் முறையைத் தானே ரத்து செய்துவிட்டார். போய் நின்றபோது வேறொருவர் படுத்திருந்தார். மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து, தீவிர சிகிச்சை.

"ஒருத்தருக்குத்தானேம்மா. அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம்" என்றாராம் அவள் ஆபீஸ் மேனேஜர்.

"அதுவரைக்கும் அவர் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா சார்?" என்று கேட்டிருக்கிறாள் இவள்.

அன்றிலிருந்து பச்சையைக் கண்டால் அவளுக்கு ஆகாது. முதலிலிருந்து கேட்கத் தொடங்கிவிடுகிறாள்.

நேற்று அவரைப் பார்க்க வார்டுக்கு நானும் துணைக்குப் போனேன். பெரியவரின் முகம் உப்பியிருந்தது. "அடுத்த முறைய நானே போட்டுக்கறேம்மா. இதுக்கும் ஒரு ஆள் வெச்சுக்கணுமா?" என்று போனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். "பட்டன்" என்றது போன். விரலை நகர்த்தினார். "பட்டன்." மறுபடி பின்னால் வந்தார். "பட்டன்."

"எதும்மா?" என்றார். விரல் அந்தரத்தில் நின்றது.

என் தங்கை அவர் சுட்டுவிரலைப் பிடித்து, உரிய இடத்தில் வைத்து, அது அமுங்க இரண்டு தடவை தட்ட வைத்தாள். முறை பதிவானதாகப் போன் சொன்ன பிறகும் அந்த விரலை அவள் விடவில்லை.