மாமாவின் ஒன்றரை விரல்

எங்கள் மாமாவின் நிச்சயதார்த்தத்தைக் கெடுத்தவள் நான்தான். ஒன்பது வயதில், பட்டுப் பாவாடையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக, ஐம்பது பேருக்கு நடுவில் நின்று கெடுத்தேன். சொந்தக்காரர்கள் இன்னமும் என்னைக் கண்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

ஆரம்பித்து வைத்தவர் பல் டாக்டரம்மா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வைத்திருந்த அவர், ஒருநாள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆளுக்கொரு பிரஷ் கொடுத்துவிட்டு, ஒரு சோதனையும் சொல்லிக்கொடுத்தார். கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிற மாதிரி வாய்க்குள் விட வேண்டும். மூன்றும் போனால் சரி. போகவில்லை என்றால், பாக்கும் புகையிலையும் போட்டுப் போட்டு வாய் உள்ளுக்குள் இறுகிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அது புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம், உடனே வந்து காட்ட வேண்டும். "உங்க வீட்டுப் பெரியவங்களையும் செஞ்சு பாக்கச் சொல்லுங்க," என்றார்.

என்னிடம் போய் இதைச் சொல்லலாமா? அடுத்தவர்களை அதிகாரம் பண்ணுவதென்றால் எனக்கு அப்போதே அல்வா சாப்பிடுகிற மாதிரி. அன்று சாயங்காலமே தெருவில் இறங்கிவிட்டேன். மாவு மெஷின்காரர், பால் ஊற்றுகிறவர், அப்பாவோடு சீட்டாட வந்தவர்கள், ஒருவரையும் விடவில்லை. எல்லோருக்கும் மூன்று விரலும் போனது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு நான்கு விரல்கூடப் போனது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

கடைசியில் மாமா மாட்டினார். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். டிராக்டர் ஓட்டுவார். சட்டைப் பையில் பாக்குப் பொட்டலம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. காலையில் ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு கழனிக்குப் போனால், மத்தியானம் இன்னொரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு திரும்புவார். அவர் வாய்க்குள் ஒரு விரல் சுளுவாகப் போனது. இரண்டாவது விரல் பாதியில் பல்லில் இடித்து நின்றுவிட்டது.

"டிராக்டர் ஓட்ற கையி, வெரலு தடியா கீது. உன் வெரல வெச்சிப் பாரு," என்றார். என் விரல்களை வைத்தோம். கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததும் மூன்றும் போய்விட்டன. "பாத்தியா? பாஸு!" என்றவர், கையோடு கடைக்குக் கூட்டிப்போய்க் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். "வூட்ல யாராண்டயும் மூச்சு வுடக் கூடாது, இன்னா?" நானும் ஐஸை நக்கிக்கொண்டே சத்தியம் செய்தேன்.

அந்தச் சமயத்தில் மாமாவுக்குத் தென்னேரியில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று, அவர்கள் வைத்த வாழைக்காய் பஜ்ஜியை மாமா விண்டு விண்டு, சுண்டுவிரல் நுனியளவு வாயில் போட்டுக்கொண்டார். காரம் பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தபோது அதையும் கைக்குட்டையால் மெல்ல ஒற்றிக்கொண்டார். பெண் வீட்டார் சொக்கிப் போனார்கள். "டிராக்டர் ஓட்றவர்னாங்க, கலெக்டர் கணக்கா துன்றாரே!" என்று பெண்ணின் அத்தை எங்கள் காதுபடவே வியந்தார். ஒரு பஜ்ஜியை முழுசாக வாயில் போட முடியாத மனிதரை நாசூக்கானவர் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றி முடிந்ததும், அதே அத்தை ஒரு லட்டோடு வந்தார். கைக்கு அடங்காத லட்டு. அதை முழுசாக மாப்பிள்ளை வாயில் ஊட்டுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். மாமா வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"கையில குடுக்கக் கூடாது மாப்ளே. நல்லா ஆ காட்டுங்க."

மாமா பாதி ஆ காட்டினார். அத்தை தள்ளினார். லட்டு போகவில்லை. அந்த அம்மாள் விடுகிற ஆள் இல்லை. இன்னொரு கையால் மாமாவின் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். லட்டு உடைந்து, மூக்கிலும் மீசையிலும் அப்பி, பூந்தி பூந்தியாகப் புதுச் சட்டைக்குள் இறங்கியது. வீடியோ எடுக்கிறவர் இன்னும் கிட்டே வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவை எல்லோரும் சேர்ந்து வதைக்கிறார்களே என்ற ஆத்திரம்தான், சத்தியமாக வேறெதுவும் இல்லை. "வுடுங்க அவர! அவருக்கு ஒண்ணரை வெரல்தான் போவும்!" என்று கத்திவிட்டேன்.

பெண்ணின் அப்பா, "இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார். கேட்டால் விடுவேனா? டாக்டரம்மா சொன்னதையெல்லாம், புற்றுநோய் உட்பட, ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் கன்னிப்போய் இருந்தது. "கொழந்த எதுனா ஒளறிக்கினு கீது, நீங்க மனசுல வெச்சிக்காதீங்க," என்று சமாளித்துப் பார்த்தாள். மாமா சட்டையிலிருந்த பூந்தியைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறவர். மாமாவுக்கு எதிரில் நின்று, மருதாணி வைத்த கையில் மூன்று விரல்களைச் சேர்த்துக் காட்டி, "இந்த மாதிரி வெச்சிக் காட்டுங்க," என்றார். மாமா தன் விரல்களை வைத்தார். ஐம்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றரைதான்.

"நான் கம்பெனில செக்கிங்ல கீறேன் நைனா. பாக்காத எதையும் பாஸ் பண்ண மாட்டேன்," என்றார் தன் அப்பாவிடம். "டாக்டராண்ட காட்டிட்டு வரட்டும். அப்பறம் தேதி வெச்சிக்கலாம்." சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் இரண்டு வீட்டு ஜனமும் சேர்ந்து டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். மாமாவை நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டதும் எட்டுத் தலைகள் ஒன்றாகக் குனிந்தன. "வெளிச்சத்தை மறைக்காதீங்க!" என்று டாக்டரம்மா அதட்டினார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் அடி, மேலண்ணம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்தையும் தடவிப் பார்த்தார். இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"பொங்கல்லேர்ந்து," என்றார் மாமா.

"அடப்பாவி!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மரத்துப்போக ஊசி போட்டு, திட்டிலிருந்து அரிசியளவு சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார் டாக்டரம்மா.

அந்த ஒரு வாரமும் வீட்டில் பேஜார்தான். மாமா பொட்டலத்தை விட்டுவிட்டுக் கிராம்பை மென்றுகொண்டு திரிந்தார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. என் கவலையே வேறு. என்னால் கல்யாணம் நின்றுபோய், மாமா இனி ஆயுசுக்கும் என்னோடு பேச மாட்டார் என்று நினைத்தேன். அதற்குள் அவர் வாய் எப்படியாவது பெரிதாகிவிட வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தினமும் தோப்புக்கரணம் போட்டேன்.

ரிப்போர்ட் வாங்குகிற அன்று மாமா பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றார். "உன்னாலதான இவ்ளோவும்? நீயே வா," என்று பைக்கில் ஏற்றிக்கொண்டார். வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை. தனியாக வைத்துத் திட்டத்தான் கூட்டிப் போகிறார் என்று, வழியெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு, "புற்றுநோய் இல்லை," என்றார். "ஆனா அதுக்குப் போற வழியில பாதி தூரம் போயிட்டீங்க. இனிமே பொட்டலத்து வாசனையே ஆகாது. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி வந்து காட்டணும்." வாய்க்குப் பயிற்சியும் சொன்னார். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குச்சி சேர்க்கிற பொறுப்பை நான் உடனே ஏற்றுக்கொண்டேன். அந்தக் கோடையில் நான் தின்ற ஐஸுக்கு அளவே இல்லை.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. செக்கிங்கில் இருந்தவர் இப்போது எனக்கு அத்தை. மாமா மறந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்துவிடுவார். எத்தனை குச்சி அடுக்கியும் மாமாவின் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. போனால் போகிறதென்று அத்தை அதைப் பாஸ் பண்ணிவிட்டார்.

ரிப்போர்ட் வாங்கிய அன்று, ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் நடந்ததுதான் எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. மாமா பைக்கில் சாவியைப் போட்டார், திருகவில்லை. பஸ் ஸ்டாண்டு ஜனத்துக்கு நடுவில், சீட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நல்ல சேதி கேட்ட மனிதர் எதற்கு அழ வேண்டும்? டிராக்டர் கண்ணாடியில் தினமும் கன்னத்தைப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் வேண்டும் என்றும் சொல்ல முடியாமல், வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், பொங்கலிலிருந்து அவர் தனியாகப் பயந்துகொண்டிருந்தார் என்பதெல்லாம் ஒன்பது வயசுக்கு எட்டுமா? சதையைக் கிள்ளிய இடம் எரிகிறது என்றுதான் நினைத்தேன்.

"வாயத் தொற மாமா," என்றேன்.

அவர் அழுகையை நிறுத்தாமலே என் உயரத்துக்குக் குனிந்து, முடிந்த மட்டும் வாயைத் திறந்தார். நான் எம்பி நின்று, என் கன்னம் உப்ப உப்ப ஊதினேன்.

"இன்னும் கொஞ்சம் ஊதும்மா," என்றார் மாமா.