ஏழு நாள் கூட்டிய செவ்வாய்க்கிழமைகள்

நாவற்குடாவில் அரிசி ஆலை ஓடுகிற நேரத்தில் மட்டுமே அந்தப் பாட்டுக் குழுவினர் வாசித்தார்கள். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குப் பிறகு. ஆலை இரைச்சலுக்குள் இரண்டு கிற்றாரும், எண்ணெய்ப் பீப்பாக்களைக் கட்டிச் செய்த டிரம்மும் வெளியே கேட்காது. பாடுகிறவன் ஏறாவூர்க்காரன். அவனுடைய நானா, அதாவது அண்ணன், கட்டாரிலிருந்து கொண்டுவந்த கசெற்றுகளில்தான் ‘பங்க்’ என்ற சொல்லை முதலில் கேட்டோம். இவர்களின் பாட்டுகள் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. சோதனைச்சாவடி வரிசையைப் பற்றி ஒன்று, பாண் விலையைப் பற்றி ஒன்று, எல்லாம் கத்தல்தான்.

நான் நோட்டில் குறித்தேன். மாமா மகள் படம் எடுத்தாள். அவள் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள். இதையே எங்கள் தொழிலாக்குவது என்று இருவரும் முடிவெடுத்திருந்தோம். வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

எனக்குத் திகதி போடாமல் எழுத வராது. ஆனால் அந்த யுத்த காலத்தில் திகதி ஆபத்தானது. நோட்டு எந்தப் பக்கத்தார் கையில் சிக்கினாலும், அன்றைக்கு அங்கே யார் யார் நின்றார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு திகதியிலும் ஏழு நாளைக் கூட்டி எழுதினேன். பொய் சொன்னாலும் கிழமை பிசகக்கூடாது என்பதற்காக ஏழு. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

டிரம் அடித்தவன் கல்குடா மீனவன். சுனாமி வந்த ஞாயிறு காலை அவன் கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தான். அதோடு குழு முடிந்தது. பாட்டுக்காரனும் கட்டாருக்கு நானாவிடம் போய்விட்டான்.

யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு, கொழும்பில் ஒரு பதிப்பாசிரியர் எங்கள் படங்களையும் குறிப்புகளையும் நூலாக்கக் கேட்டார். நூல் சரியாக வந்தால், கிழக்கின் பாட்டுக் குழுக்களைப் பதிவு செய்கிற இரண்டு வருட வேலையும் எங்களுக்கே. எல்லாவற்றையும் அனுப்பினோம். பத்தாம் நாள் தொலைபேசி வந்தது.

“தம்பி, கடைசிப் படத்துக்கு உங்கட நோட்டில சுனாமிக்கு ரெண்டு நாள் பிந்தின திகதி கிடக்கு. செத்த பொடியன் எப்படி டிரம் அடிக்கிறார்? படத்துக்குப் பின்னால வேற திகதி. எது சரியெண்டு காட்டுங்கோ. இல்லாட்டி நூலும் இல்லை, வேலையும் இல்லை.”

அன்றே ஸ்டூடியோவின் பின்னறையில் பிரதிகளைப் பரப்பினோம். படங்களின் பின்னால் அவள் பென்சிலால் எழுதிய ஒவ்வொரு திகதியும் என் நோட்டில் உள்ளதைவிட ஏழு நாள் குறைவு.

“மச்சாள், இதெல்லாம் எங்கயிருந்து எழுதின?”

“உங்கட நோட்டப் பாத்துத்தான். எழுதக்குள்ள ஏழு ஏழாக் குறைச்சுப் போட்டன்.”

“ஏன்?”

“ஆரும் புடிச்சாப் பிழையான திகதியா இருக்கட்டுமெண்டுதான். கிழமை மாறினா நீங்க கத்துவீங்க. அதான் ஏழு.”

நான் கூட்டிய கதையைச் சொன்னேன்.

“அப்ப நான் சரியான திகதியையா பைக்குள்ள வெச்சிக்கிட்டு ரெண்டு சாவடி தாண்டித் திரிஞ்ச? உங்கட மூளையக் கொண்டு வாவிக்குள்ள போடுங்க மச்சான்!”

சிரித்து முடிய, “மறுகா என்ன? சும்மா சொன்னா அவர் நம்புவாரா?” என்றாள்.

வழியையும் அவளே கண்டாள். கழுவ வருகிற ஒவ்வொரு பிலிம் உறையிலும் ஸ்டூடியோ திகதி முத்திரை குத்தும். முதலாளி எதையும் எறியாத மனிதர். மூன்று வாரம் பழைய பெட்டிகளைக் கிளறினோம். கறையான் தின்றதுபோக மிஞ்சியதில் வேறு சில உறைகளோடு கடைசிச் சுருளின் உறையும் இருந்தது. முத்திரை, சுனாமிக்கு முந்திய வியாழன்.

பதிப்பாசிரியர் திருப்தியடைந்தார். ஆனால் ஒன்று சொன்னார்: “திருத்தின திகதியை மட்டும் போடுவம். இந்தக் கூட்டல் கழித்தல் கதை வேண்டாம். வாசிக்கிறவன் மற்றதையும் நம்பமாட்டான்.”

வேலை கைக்கெட்டிய தூரத்தில் நின்றது. ஆனாலும் நாங்கள் பயந்து பொய் எழுதினோம் என்பதும் அந்தக் காலத்தில் நடந்ததுதான். அதை மறைத்துவிட்டு எதைப் பதிவு செய்வது? அந்த விளக்கம் முதல் பக்கத்தில் வராவிட்டால் படங்கள் இல்லை என்றேன். பக்கத்தில் நின்றவள், “ஓம், நெகட்டிவும் இல்லை” என்று தொலைபேசிக்குள் கத்தினாள்.

இரண்டு வாரம் பதிலில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: உறை கிடைக்காத படம் ஒன்றும் நூலில் வராது. விலக்கினோம். அவளுக்கு மிகப் பிடித்த படமும் அதில் போனது. அந்த இரண்டு வருடப் பதிவு வேலைக்காக, அந்த வாரமே அவள் ஸ்டூடியோ வேலையை விட்டாள். மகளின் வேலையைக் கெடுத்தேன் என்று மாமா என்னோடு மூன்று மாதம் பேசவில்லை.