கறுப்பு வெள்ளையில் ஒரு மேனேஜர்

குக்கர் மூடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது: பிளெக்ஸ் அடித்துவிடலாம். எல்லோர் முகத்தையும் போட்டு ஒரே பிளெக்ஸ். மூடியைக் கீழே வைத்தேனா, கையில் வைத்துக்கொண்டே போனை எடுத்தேனா, நினைவில்லை. எங்கள் செஞ்சியில் சண்டைக்காரர்கள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பார்கள், வந்தாலும் கைநனைக்க மாட்டேன் என்பார்கள். பிளெக்ஸில் என் படம் வேண்டாம் என்று சொன்ன ஒருவரை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை.

சண்டை எதற்கு என்றால், இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப் தன் மேனேஜரை வேலையைவிட்டு எடுத்துவிட்டது. சீசன் பாதிகூட முடியவில்லை. அது எங்கள் கிளப். அங்கே மேனேஜர் என்றால் ஆபீஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது, எப்படி ஆடுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர். நான் காலேஜ் ஹாஸ்டலில் முதன்முதலாக மேட்ச் பார்க்க ஆரம்பித்த வருஷம்தான் அவரும் அந்த கிளப்புக்கு வந்தார். மைதானக் கோட்டின் ஓரத்தில் மழையில் நின்றுகொண்டு கத்தும் அந்த மனிதர் இல்லாத கால்பந்தை நான் பார்த்ததே கிடையாது.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்து நைனாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்த பிறகு, கடைக்கு மேலே இருக்கும் குடோன்தான் எங்கள் ஸ்டேடியம். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிகள்மேல் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். வீட்டில் கழித்துப்போட்ட டிவி. போனிலிருந்து டிவிக்கு இணைப்புக் கொடுப்பது என் சித்தப்பா மகன். அண்ணன் முறை. அவன் இருப்பதால்தான் நைனா அந்தக் கூட்டத்தை விட்டுவைத்திருந்தார். பையன்கள் இடம் மாறலாம், டீக்கடையில் பார்க்கலாம், யார் வீட்டு மொட்டைமாடியிலும் பார்க்கலாம். பெண்ணான எனக்கு அந்த அறை ஒன்றுதான். அந்தக் கூட்டம் அங்கிருந்து எழுந்து போனால் என் சனிக்கிழமைகள் போயிற்று.

போகத்தான் பார்த்தது. மேனேஜரை எடுத்த செய்தி வந்த காலையில், அனந்தபுரம் ரோட்டில் அரிசி மில் வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒரு பெட்டி மைசூர்பாகோடு கடைத்தெருவுக்கு வந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். தீபாவளியிலிருந்தே "ஆள மாத்துங்கடா, ஆள மாத்துங்கடா" என்று டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவன்.

"எட்த்துக்கோ. சனியன் வுட்டுச்சு" என்று பெட்டியை அண்ணனிடம் நீட்டினான்.

அண்ணன் எடுக்கவில்லை. "ஒருத்தன் வேல போயிருக்குது. அதுக்கு ஸ்வீட்டாடா?"

"இன்னா மச்சான், உங்க மாமனா அவன்? கோடி கோடியா குட்த்துதான் அனுப்புறாங்க."

"பாதியில நிறுத்துனா எப்டி இருக்கும்னு தெரியுமாடா ஒனக்கு? மில்லுல பொறந்தவனே."

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்து, ஒப்பந்தம் முடியும் முன்பே வேண்டாம் என்று அனுப்பப்பட்டு ஊருக்கு வந்தவன் அண்ணன். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மில்காரன் வாய் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. "வேல செய்யாதவன எட்க்கத்தான் செய்வாங்க" என்றான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பெட்டி கீழே விழுந்தது. மைசூர்பாகை எறும்பு எடுத்துக்கொண்டது.

அன்று மதியமே குரூப்பில் மில்காரனின் செய்தி: "சனிக்கிழமை மேட்ச் நம்ம மில் ரூம்ல. புரொஜெக்டர் ஏற்பாடு பண்றேன். வர்றவங்க வரலாம்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பில் போட வந்தவரிடம் மீதியைக் கொடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மில் ஒன்றும் தூரமில்லை, ஸ்கூட்டியில் போனால் பாட்டு ஒன்று முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் பசங்க உட்கார்ந்திருக்கும் இடம் என்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறதே.

அந்த நேரத்தில்தான் பிளெக்ஸ் யோசனை. ஒரே துணியில் எல்லார் முகமும் இருந்தால், எங்கள் கடைச் சுவரில் இருந்தால், சனிக்கிழமை எல்லோரும் அதைப் பார்க்கவாவது வருவார்கள். வந்தால் மாடி ஏறுவார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மேனேஜருக்கு நன்றி சொல்லி ஒரு பிளெக்ஸ், போட்டோ அனுப்பு என்று தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். மில்காரன் உடனே கூப்பிட்டான்.

"அந்தாளுக்கு நன்றியா? எதுக்கு, தோத்ததுக்கா?"

"ஜெயிச்சதே இல்லியா? அந்தக் கப்பு வாங்குனப்ப மாடியில ஆடுனது யாரு?"

மில் சத்தத்தைவிட்டுத் தள்ளி வந்து கேட்டான்.

"என் போட்டோ எங்க வரும்?"

"மேல் வரிசை."

"நடுவுலயா?"

"நடுவுலதான்."

"சரி, கூலிங் கிளாஸ் போட்டுனு ஒன்னு இருக்குது, அனுப்புறேன்."

அண்ணனுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. "அவன் நடுவுலயா? அப்ப நானு?" என்று கேட்டான். "நீ மேனேஜர் தோள் பக்கத்துல" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

பிளெக்ஸ் அடிக்கும் கடைக்கே போய், கடைக்காரர் போனுக்கு மேனேஜரின் படத்தை அனுப்பினேன். கிளப்பே வழியனுப்பிப் போட்ட படம் அது. கறுப்புக் கோட்டு, குனிந்த தலை, பின்னால் மழை. கறுப்பு வெள்ளை. வெளிநாட்டு கிளப்புகள் யாரை அனுப்பினாலும் கறுப்பு வெள்ளையில்தான் படம் போடுகிறார்கள். அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

"கலர்ல இல்லியா மா?" என்றார் அவர்.

"இல்லண்ணா, இதான் ஸ்டைலு."

"தேதி எதுனா போடணுமா?"

"அவரோட கடைசி நாள் போட்ருங்க."

மவுசில் இருந்த கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாசகம்?"

"எங்கள் மனதில் என்றும் நீங்கள். கீழ, செஞ்சி ரசிகர்கள்."

"உங்க இஷ்டம் மா" என்றார். அந்த 'உங்க இஷ்டத்தில்' நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கு எங்கே நிற்கத் தெரிகிறது?

வியாழக்கிழமை காலை, நைனா சரக்கு எடுக்க விழுப்புரம் போயிருந்த நேரமாகப் பார்த்து, அண்ணன் ஏணி போட்டு கடையின் பக்கச் சுவரில் கட்டினான். அருமையாக வந்திருந்தது. தெரு முனையிலிருந்தே அந்த முகம் தெரிந்தது. நான் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். இதயங்கள் வந்து விழுந்தன. சனிக்கிழமைக்குப் பெட்டிகளை எப்படிப் போடுவது என்று மாடி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினேன், மறுபடியும் ஏறினேன்.

அன்று அமாவாசை என்பதை நான் மறந்தே போனேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கூட்டத்தில் எங்கள் கடைக்கு எதிரே நின்று நின்று போயின. ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலிலும் முகங்கள். முகங்கள் எல்லாம் எங்கள் சுவரைப் பார்த்தன. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது.

ஒரு அம்மா பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகக் கல்லாவுக்கே வந்துவிட்டார்.

"யாரும்மா அது, வெள்ளக்காரரு? நம்ம கோட்டைய பாக்க வந்தவரா?"

"இல்லம்மா. அவரு இங்க வந்ததே இல்ல."

"அய்யோ, வராமயே போய்ட்டாரா?" என்று நெஞ்சில் கைவைத்தார். "மலையில வழுக்கி வுழுந்துட்டாரோன்னு நெனச்சன். எப்டி, நெஞ்சு வலியா?"

அப்போதுதான் வெளியே ஓடிப் போய் நின்று, ஊர்க்காரர்கள் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை முகம். குனிந்த தலை. கீழே ஒரு தேதி. எங்கள் மனதில் என்றும் நீங்கள். தோள் பக்கத்தில் அண்ணன், கீழே வரிசையாக நாங்கள். எங்கள் ஊரில் பிறந்தநாளும் காதுகுத்தும் கலரில் வரும். கறுப்பு வெள்ளையில் ஒருவர் மட்டும்தான் வருவார். இது செஞ்சியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கிளப்பின் பக்கத்தையே பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. போதாக்குறைக்கு பிளெக்ஸின் மூலையில் ஒரு சாமந்தி மாலை தொங்கியது. எதிர்ப்புறத்தில் பூ விற்கும் அக்கா கையசைத்தார். "படம் வெறுமனே இருக்குதேன்னு நான்தான் போட்டன் கண்ணு. காசு வேணாம்."

அதற்குள் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. பெண்ணுக்குச் சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க வந்தவர்கள். பெண்ணின் அப்பா சுவரைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டார். "நல்ல காரியத்துக்கு எடுக்குறோம்மா. இன்னொரு நாள் வர்றோம்" என்றார் தன்மையாக. வேன் திரும்பும்போது சரக்கு மூட்டையோடு நைனா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

மூட்டையைக் கீழே வைக்காமலே பிளெக்ஸைப் பார்த்தார்.

"யாரு பாப்பா இவரு?"

"எங்க மேனேஜர் நைனா."

"எந்த பேங்க்கு மேனேஜரு?"

"பேங்க் இல்ல. மேட்ச்ல வருவாரே, கத்துவாரே, அவரு."

"செத்துட்டாரா?"

"இல்ல நைனா. வேலைய வுட்டு எடுத்துட்டாங்க."

நைனா மாலையைப் பார்த்தார். "வேலைய வுட்டு எடுத்ததுக்கு மாலையா?" என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏணியில் அண்ணன் ஏறிக் கயிற்றை அவிழ்க்கும்போது மில்காரனின் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "எங்க மாமா மலையனூர் பஸ்ல போயிருக்காரு. போனப் போட்டு எங்க அம்மாவ இன்னா கேக்குறாரு தெரியுமா? யார் சாவுக்கோ உன் புள்ள கூலிங் கிளாஸ் போட்டுனு சிரிக்கிறானாம்!"

மேலிருந்து அண்ணன் சிரித்துவிட்டான். செய்தி வந்த நாளிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. "பின்ன, நீதான மைசூர்பாகு குட்த்த. சாவு வூட்டுக்கு முன்னாடியே ரெடியா இருந்தியே."

"யோவ், நீ மொதல்ல அந்த முனைய அவுறு."

ஒருவன் மேல் முனை, ஒருவன் கீழ் முனை. துணி பாதியில் தொங்கியது. "ரெண்டாவது பாதியில ஸ்டிரைக்கர எட்த்துட்டு டிஃபெண்டர எறக்குனான் பாரு, அன்னிக்கே முடிஞ்சிது" என்றான் கீழே இருப்பவன். "அவன் கால்ல அடி, தெரியுமா உனக்கு?" என்றான் மேலே இருப்பவன். குரூப்பில் படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் ஆரம்பித்தார்கள். பாதி மடங்கிய மேனேஜரைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அப்படி ஒரு சண்டை. மாடி அறையில் நடக்குமே, அதே சண்டை. பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. சரியாகிவிட்டது, சனிக்கிழமை எல்லோரும் மேலே என்று நினைத்தேன்.

மில்காரன் கயிற்றைச் சுருட்டியபடி, "அன்னிக்கு நான் உன்ன சொல்லல மச்சான்" என்றான்.

"தெரியும், வுடு" என்றான் அண்ணன்.

நைனா கல்லாவிலிருந்து கை நீட்டினார். "மாடி சாவி."

கொடுத்தேன்.

"முகூர்த்தம் எல்லாம் முடியட்டும். அது வரைக்கும் கடை மேல பந்தும் வேணாம், வெள்ளக்காரனும் வேணாம்."

எப்படி மறுப்பது? வேன் திரும்பிப் போன கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்புறம் நடந்தது மிக இயல்பாக நடந்தது. அப்ப மில்லுதான் என்று ஒருவன் சொன்னான். அண்ணன் முதலில் வரலை என்றான், அப்புறம் ஃபர்ஸ்ட் ஹாஃப் மட்டும் என்றான், அப்புறம் புரொஜெக்டருக்கு ஒயர் நான் எடுத்துட்டு வரேன் என்றான். ஒன்று சேர்க்கத்தான் அத்தனையும் செய்தேன். ஒன்று சேர்ந்துவிட்டார்கள், நான் இல்லாத இடத்தில். பிளெக்ஸை மடித்துக் குக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் செருகினேன். மடிக்க மடிக்க அடங்காமல் விரிந்துகொண்டே வந்தது.

மில்காரன் பைக்கை உதைத்தவன், ஸ்டார்ட் ஆனதும் நிறுத்தினான்.

"நீ எங்க பாப்ப?"

"போன்லதான்."

"நெட்டு சுத்திக்கினே இருக்குமே."

"இருக்கும்."

"வரியா?" என்று வேகமாகச் சொன்னான், சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "எங்க அம்மா, அக்கா எல்லாம் அங்கதான் இருப்பாங்க. எங்க அக்காவும் மேட்ச் பாக்குறேன்னுதான் சொல்லுது."

"நைனா விட மாட்டாரு."

"கேட்டியா?"

பைக் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. விடமாட்டார் என்று நானே முடிவு செய்து, அந்த முடிவைச் சுற்றித்தான் குடோன், அட்டைப்பெட்டி, அண்ணன், பிளெக்ஸ் என்று எல்லாவற்றையும் கட்டியிருந்தேன்.

இன்றைக்கு வெள்ளி. காலையிலிருந்து கல்லாவில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. அண்ணன் மூலமாகச் சொல்லலாமா, அம்மாவிடம் சொல்லிச் சொல்லவைக்கலாமா என்று எல்லா வழியையும் யோசித்துவிட்டேன். இரண்டும் வேண்டாம். நேற்றைய கோபம் இன்னும் ஆறவில்லை என்பதும் தெரியும். நாளை யார் தற்காலிக மேனேஜர், எந்தப் பதினோரு பேரை இறக்குவார், அவர் கத்துவாரா, கைகட்டி நிற்பாரா, எதுவும் தெரியாது. மேட்ச் சாயங்காலம். காலையில் ஷட்டரின் ஒரு பக்கத்தை நைனா பிடிப்பார், மறுபக்கத்தை நான் பிடிப்பேன். அது மேலே போய் நின்றதும், அவர் பூட்டைக் கையில் வைத்திருக்கும்போதே, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும்: நைனா, மில்லுக்குப் போய் மேட்ச் பாத்துட்டு வரட்டுமா?